‘ரைட் ஓஃப்’ என்றால் கடன் தீர்ந்துவிட்டதா?



வங்கிக் கடிதங்களிலும் லீசிங் கடிதங்களிலும் அடிக்கடி வரும் ‘ரைட் ஓஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லை இவ்வாரம் பார்ப்போம். ‘ரைட்’ என்றால் எழுது. ‘ஓஃப்’ சேர்ந்ததும் பொருளே வேறு. நம் ‘விட்டுக்கொடு’ என்பதை ‘விட்டு’, ‘கொடு’ என்று பிரித்தால் பொருள் கிடைக்காதல்லவா, அதைப் போல.

கற்பிட்டியில் ஒருவர் உங்களிடம் கடனுக்குக் கருவாடு எடுத்து 50,000 ரூபா பாக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடமாகியும் வரவில்லை. உங்கள் கணக்காளர் அதை வரவேண்டிய கடன்களிலிருந்து எடுத்து நட்டமாகப் பதிகிறார். அதுதான் ரைட் ஓஃப். ‘வீ ரோட் இட் ஓஃப்’ என்பார். (‘ரோட் ஓஃப் இட்’ என்பது பிழை. ‘இட்’ நடுவில்தான் வரும்.) இங்கே மாறியது உங்கள் புத்தகம் மட்டுமே. அவர் இன்னும் உங்கள் கடனாளிதான். நாளை பணத்தோடு வந்தால் வாங்காமல் விடுவீர்களா?

இதையே வங்கி நமக்குச் செய்யும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். புத்தளத்துச் சகோதரர் ஒருவர் தனக்கு வந்த கடிதத்தைக் காட்டி, “வங்கி கடனை வெட்டிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்” என்றார். வாங்கிப் படித்தேன். கடன் ரைட் ஓஃப் செய்யப்பட்டதாகவும், அதை அறவிடும் உரிமை வங்கிக்குத் தொடர்ந்து உண்டு என்றும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தது. முதல் வரியோடு நிறுத்திவிட்டார், பாவம். இவ்வாறான கடன்கள் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தின், அதாவது நாம் ‘கிரிப்’ என்று சொல்வதன், அறிக்கையிலும் தெரியும். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம்.

கடிதத்தில் நீங்கள் தேட வேண்டிய சொல் ‘வேவ்’. விட்டுக்கொடுத்தல் என்பது அதுதான். பேசித் தீர்த்துப் பணம் கட்டினால் ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ என்று எழுத்தில் வாங்குங்கள். முகாமையாளர் வாயால் சொன்னது போதாது. அவர் அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாறிப் போவார்.

பத்திரிகை ஆங்கிலத்தில் மட்டும் இச்சொல் சற்றுத் தளர்வாக வரும். ஒரு நாடு இன்னொரு நாட்டின் கடனை ரைட் ஓஃப் செய்தது என்றால் பெரும்பாலும் இரத்துச் செய்தது என்றே பொருள். நம் நுரைச்சோலை அனல் மின் நிலையம் சீனக் கடனில் எழுந்தது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. 2023 ஒக்டோபரில் சீன எக்ஸிம் வங்கியுடன் ஏறத்தாழ 420 கோடி டொலர் கடன் பற்றிக் கொள்கையளவில் உடன்பாடு வந்தது. அதன் பெயர் ‘ரீஸ்ட்ரக்சரிங்’, மறுசீரமைப்பு. கடன் அப்படியே இருக்கிறது.

லொறி விபத்தில் ‘ரைட் ஓஃப்’ என்று காப்புறுதிக்காரர் சொன்னால், திருத்தும் செலவு வண்டியின் பெறுமதிக்கு மேல் போகிறது என்று அர்த்தம். ‘ரைட் டவுன்’ வேறு: மழையில் நனைந்த சரக்கு ஒரு இலட்சத்திலிருந்து 60,000க்கு இறங்கினால், குறைந்த 40,000ஐ மட்டும் கழிப்பது.

நாம் கடன் கொடுத்தவராக இருந்தால்? கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பதையும், அதைவிட மேலாக விட்டுக்கொடுப்பதையும் சூரா அல்பகராவின் 280ஆம் வசனம் சொல்கிறது. அங்கே பேசப்படுவது ‘வேவ்’. கொப்பியில் கோடு போட்டுவிட்டு, ஆளைச் சந்தியில் கண்டால் கேட்பது அதில் சேராது. விட்டுக்கொடுத்த தொகையை ஸகாத்தில் கழிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான இமாம்கள் அதை ஏற்கவில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், ‘செட் ஓஃப்’.