டெல்லிப் புகையும் ஆட்டிசமும்

சாணக்யபுரியில் வசிக்கிறோம். மூன்று வயது மகனுக்கு ஆட்டிசம் என்கிறார் டாக்டர். டெல்லியின் புகைமூட்டத்தில் அவனைச் சுமந்தேன், அதுதான் காரணமா? உடலிலுள்ள நச்சை நீக்கும் 'கிலேஷன்' சிகிச்சை செய்யலாமா?
– ஒரு தாய், புதுடெல்லி

சகோதரி, முதலில் அந்தப் பழியை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கே பெரிது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பி.எம். 2.5 நுண்துகள் மிகுந்த காற்றைச் சுவாசித்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்பட்டதாக 2014-இல் ஹார்வர்டு ஆய்வு ஒன்று சொன்னது. அது ஆயிரக்கணக்கானோரின் கணக்கு. உங்கள் பிள்ளைக்கு இதுதான் காரணம் என்று யாரும் விரல் நீட்ட முடியாது.

'கிலேஷன்' வேண்டவே வேண்டாம். ஆட்டிசம் குறையாது, உயிருக்கே ஆபத்தாகலாம். மண்ணையோ உரிந்த பெயின்டையோ வாயில் போடும் பழக்கம் இருந்தால், ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். கண்ணுக்குச் சுர்மா மை தீட்டாதீர்கள், அதிலும் ஈயம் இருக்கலாம். தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள், அவற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை.

பக்கத்திலேயே எய்ம்ஸ் இருக்கிறது. குழந்தை நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். பேச்சுப் பயிற்சியை இந்த மாதமே தொடங்குங்கள். மாற்றுத்திறன் சான்றிதழ் வாங்கினால், நேஷனல் டிரஸ்டின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மூன்று வயது, பயிற்சிக்கு நல்ல வயது. நம்பிக்கையோடு தொடங்குங்கள்.