சந்தைக்குப் போனால் பசுவையும் பாருங்க

தை பிறந்துவிட்டால் ஜல்லிக்கட்டு பார்க்க நத்தம் பக்கமும் கொசவபட்டி பக்கமும் போகிறோம். காளையைப் பார்க்கிறோம், கைதட்டுகிறோம், திரும்பி வருகிறோம். அந்தக் காளையை ஈன்ற பசு எங்கே நிற்கிறது, என்ன தின்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பிறகு சட்டத்திருத்தம் வந்தது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. விளையாட்டு பிழைத்துக்கொண்டது. மாட்டினம் பிழைக்குமா என்பதுதான் நம் கேள்வி.

இதற்குப் பதில் தேட ஆத்தூர்ப் பக்கத்து உழவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளென கிளம்பலாம். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் காங்கயம் போய், நத்தக்காடையூர் பக்கம் உள்ள பழையகோட்டை மாட்டுத்தாவணியைப் பாருங்கள். அங்கே காங்கயம் இன மாடுகள் மட்டுமே விற்பனைக்கு வரும். பழையகோட்டை பட்டக்காரர்களின் மண் அது. காங்கயம் இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்குப் பெரும்பங்கு உண்டு. சித்திரையில் போனால் வெள்ளகோவில் பக்கத்துக் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச்சந்தையையும் பார்க்கலாம்.

போனால் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, நிறம். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலைதான். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். பொலிகாளைக்குத் திமிலும் முன்னங்காலும் பின்தொடையும் கருத்திருக்கும். காயடித்தால் அந்தக் கருமை வெளுத்துவிடும். செவலைக் கன்றைப் பார்த்து ‘கலப்பு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழே எட்டு. சுமார் இரண்டு வயதில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும். பிறகு நான்கு, ஆறு என்று கூடி, நாலரை, ஐந்து வயதில் எட்டும் சேர்ந்துவிடும். விலைபேச்சு துண்டுக்கு அடியில் விரல் பிடித்து நடக்கும். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது.

மூன்றாவது, தீனி. சந்தையோடு திரும்பிவிடாமல் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். மழையை நம்பிய மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல் மறுபடி தழைக்க நேரம் கிடைக்கிறது. இந்த மேய்ச்சலில் வளர்வதால்தான் காங்கயம் வறட்சி தாங்குகிறது. கொறங்காடு வீட்டுமனையாகப் போனால் மாடும் போய்விடும்.

நான்காவது, சாப்பாடு. வழியில் கம்பங்கூழ் கிடைத்தால் குடியுங்க. கம்பும் சோளமும் நமக்குத் தானியம், மாட்டுக்குத் தட்டு. நாம் அவற்றை உண்பதை விட்டதும் தட்டுப்போர் குறைந்தது. தீனியை விலைக்கு வாங்கும் நிலை வந்தது.

இனி கணக்குக்கு வருவோம். காங்கயம் பசு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர்தான் கறக்கும். லிட்டர் கணக்கு மட்டும் போட்டால் அது தோற்றுப்போகும். டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கும் வேலையில்லை. பெரும்பாலும் குட்டியிலேயே அடிமாடாகப் போகிறது. ரேக்ளாவும் ஜல்லிக்கட்டும் காப்பாற்றுவது தேறிய சில காளைகளைத்தான்.

சாணத்தையும் கணக்கில் சேருங்கள். ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் கரைக்கப் பத்து கிலோ சாணம் வேண்டும். ஒரு நாட்டுப்பசு ஒரு நாளில் போடுவது ஏறத்தாழ அவ்வளவுதான். பால் வற்றிய மாதங்களிலும் சாணம் கிடைக்கும், உரக்கடைக்குப் போகும் காசு மிஞ்சும்.

ஊர் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். தோட்டத்து வரப்போரம் பத்தடிக்காவது கிளுவைப் போத்து ஊன்றுங்கள். கால் ஏக்கரில் கம்போ சோளமோ விதையுங்கள். தீனி தயாரான பிறகு மாட்டுக்குப் போங்கள். அப்போது காளையை மட்டும் பார்க்காமல், அதன் தாயையும் விசாரித்து வாங்குங்கள்.