வாசகர் கழகமும் முத்தொடர் நூலும்

நூல் பயில்வார் பலராயினும், கூடியிருந்து பயில்வார் சிலரே. தனித்திருந்து பயில்வான் ஒருவன் தனக்குச் சுவை பயவாத நூலைப் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்துவிடலாம். அதனால் பிறர்க்கு இழப்பொன்றுமில்லை. பத்துப்பேர் கூடிய கழகமொன்று நூலைத் தேர்ந்தெடுத்தல் அத்தன்மைத்தன்று. ஒருவர் விரும்பியதை ஒன்பதின்மர் படிக்குமாறு செய்தலே ஆண்டு நிகழ்வது. தேர்வு பிழைபடின், முதற்கூட்டத்தில் நிறைந்திருந்த அறை மூன்றாங் கூட்டத்தில் வெறிச்சோடிக் கிடக்கும்.

அங்ஙனம் நின்றுவிடுகின்றவர் பெரும்பாலும் யாவர்? ஆங்கிலத்தை விரைந்து படிக்க இயலாதவரும், அவையிற் பேசக் கூசுபவரும், செய்முறைப் பாடங்களுக்கே மாலைப்பொழுதைச் செலவிடுபவருமே யாவர். அவர்கள் குறை தம்முடையதே என்றெண்ணி வாய்திறவாமல் விலகுவர். உண்மையில் அக்குறை தேர்வின்பாலது. ஆதலின் நூல் தேர்தல் என்பது சுவையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. கழகத்திற் பேசும் உரிமை யார்க்கு உண்டு என்பதைப் பற்றியதுமாகும். விஞ்ஞானக் கற்பனைக் கதை, மாயக்கதை என்னும் இருவகையிலும் மூன்று நூல்களாய்த் தொடர்ந்து வருவனவற்றுள் ஒன்றைக் கழகம் எவ்வாறு ஆராய்ந்து கொள்ளல் தகும் என்பதை இச்சிறு கட்டுரையில் விளக்கப் புகுந்தோம்.

முத்தொடர் என்பது யாது?

மூன்று நூலாய் அமைந்த தொடரை ஆங்கிலர் ட்ரைலாஜி என்பர். அதனை முந்நூல் எனப் பெயர்த்தாற் பூணூல் என்று பொருள்படுமாதலின், யாம் முத்தொடர் என்று வழங்குகின்றோம். அச்சொல் கிரேக்க நாடகமேடையினின்று வந்தது. ஏதென்ஸ் நகரத்துத் தியோனீசியத் திருவிழாவிற் புலவர் ஒருவர் மூன்று துன்பியல் நாடகங்களையும், அவற்றின்பின் நகைச்சுவை கலந்த சிறு நாடகமொன்றையும் ஒருசேர நடிப்பிப்பது வழக்கம். அவ்வாறு வந்த துன்பியல் முத்தொடர்களுள் மூன்றும் முழுமையாய் இன்றளவும் எஞ்சியிருப்பது, கி. மு. 458-இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய ஒரெஸ்தெயா ஒன்றே. பழிக்குப் பழி வாங்கி வந்த ஒரு குடும்பத்தின் கதை அதன்கண் முதலிற் கொலையாகவும், பின்னர்ப் பழியாகவும், இறுதியில் நீதிமன்றத்துத் தீர்ப்பாகவும் வளர்ந்து முடிகின்றது. ஒவ்வொரு நாடகமும் தனக்கென ஒரு முடிவுடையது. மூன்றும் கூடியவிடத்து வேறொரு பெரும் பொருள் பிறக்கின்றது.

சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என நம்மவர் வழங்குவது இதனோடு ஒருபுடை ஒக்கும். கோவலன் கதை முடிந்தபின் அவன் மகள் கதை தொடர்கின்றது. ஒன்றை மட்டும் படித்தாரும் குறைவுறார். இரண்டையும் படித்தார் மிகுதியும் பெறுவர்.

இவ்விலக்கணத்தை உளத்துக்கொண்டு நோக்கின், முத்தொடர் எனப்படுவனவெல்லாம் முத்தொடர் ஆகாமை விளங்கும். டோல்கீன் இயற்றிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதையே அதற்குச் சான்று. அவர் அதனை ஒரே நூலாக எழுதினார். உள்ளே ஆறு காண்டங்களாகப் பகுத்தார். போருக்குப் பின்னர்க் காகிதம் அருமையும் விலையேற்றமும் உற்றிருந்தமையாற் பதிப்பாளர் அதனை மூன்று புத்தகங்களாக்கி 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டனர். முதற் புத்தகம் முடியுமிடம் கதை முடியுமிடமன்று, வழிநடுவில் நிற்குமிடமே. முதற்கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப் புகுவார், பாதிப் பாலத்தில் நின்று அக்கரையைப் பற்றிப் பேசுவாரை ஒப்பர்.

ஆராயவேண்டுவன நான்கு

கழகம் தன்முன் வைக்கப்படும் தொடர் ஒவ்வொன்றையும் நான்கு வினாக்களால் அளந்து பார்த்தல் நலம்.

முதலாவது, முதனூல் தனித்து நிற்குமா? மூன்று மாதம் தொடர்ந்து வருவதாக வாக்களித்தும் தேர்வு, நோய், ஊர்ப்பயணம் முதலியவற்றால் ஒரு மாதத்தோடு நிற்பார் எக்கழகத்தினும் உளர். அவருக்கும் முழுமையான ஒரு நூலைப் படித்த நிறைவு கிட்டவேண்டும்.

இரண்டாவது, நூலின் நீளம் எத்துணை? மிக விரைந்து படிப்பவரைக் கொண்டு இதனை அளத்தல் தவறு. மிக மெதுவாய்ப் படிப்பவர் ஒரு மாதத்தில் முடிக்கத்தக்கதா என்பதே அளவுகோல்.

மூன்றாவது, இருதிறத்தாரும் நியாயத்தோடு வாதிக்கத்தக்க வினா அதன்கண் உளதா? எல்லாரும் நன்றென்று தலையசைக்கும் நூல் கால்மணி நேரப் பேச்சுக்கும் போதாது.

நான்காவது, நடுநூல் எத்தகையது? முத்தொடர்களிற் பெரும்பான்மையும் தளர்வது நடுவிலேதான். முதலது புதுமையாலும் மூன்றாவது முடிவாலும் வாசகரை ஈர்க்கும்; நடுவிலது பாலமாய் மட்டும் அமைந்துவிடின், கழகமும் அப்பாலத்திலேயே கலைந்துவிடும்.

தொடர்கள் சில

இவ்வளவுகோல் கொண்டு பெயர்பெற்ற தொடர்கள் சிலவற்றை நோக்குவோம்.

ஐசக் அஸிமாவ் எழுதிய 'ஃபவுண்டேஷன்' தொடர் கல்லூரி மாணவர்க்கு இயல்பாகவே உவப்பளிப்பது. 1941-இல், தம் இருபத்தொன்றாம் வயதில், கொலம்பியப் பல்கலைக் கழகத்தில் இரசாயனம் பயின்றுகொண்டிருந்தபோதே அவர்க்கு இக்கருத்து உதித்தது. உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிக் கிப்பன் எழுதிய சரித்திரமே அதற்கு வித்து. 1942 முதற் பத்திரிகையிற் சிறுகதைகளாய் வந்தவை 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாயின. அண்டமளாவிய பேரரசு ஒன்று அழியப்போவதைக் கணிதத்தால் அறிந்த ஹாரி ஸெல்டன் என்னும் பேரறிஞர், அதன்பின் வரவிருக்கும் முப்பதாயிரம் ஆண்டு இருட்காலத்தை ஓராயிரம் ஆண்டாகக் குறைக்க வழிவகுக்கின்றார். பெருந்திரளான மக்களின் போக்கைக் கணித்துவிடலாமெனில், தனி மனிதனுடைய துணிவுக்கு மதிப்பென்ன? இவ்வினா ஒன்றே ஒரு மாலைப்பொழுதை நிரப்பும். நடுநூலின்கண் கணிதத்திற்கு அடங்காத 'ம்யூல்' என்பான் தோன்றித் திட்டத்தையே கலைத்துவிடுவதால் நடுவும் தளரவில்லை. குறையென்னெனின், கதைமாந்தர் மிகுதியும் உரையாடும் வாய்களாகவே நிற்கின்றனர். முதனூலிற் பெண்மக்களைக் காண்பது மிக அரிது.

ஸி. எஸ். லூயிஸ் இயற்றிய விண்வெளித் தொடர் 1938, 1943, 1945 ஆகிய ஆண்டுகளில் வந்தது. மொழிநூற் புலவரொருவர் செவ்வாய்க்குக் கடத்திச் செல்லப்பட்டு ஆங்குள்ளார் மொழியைக் கற்கும் முதனூல் சிறியது, இனியது. மூன்றாவதோ பெரியது, நடையாலும் களத்தாலும் முன்னிரண்டினும் வேறானது. முதனூலை விரும்பினார் பலர் மூன்றாவதில் இடர்ப்படுவர்.

சீன எழுத்தாளர் லியூ ஸிஷின் இயற்றிய தொடர் 2006-இற் பத்திரிகையில் தொடங்கி 2010-இல் நிறைவுற்றது. அதன் முதனூல் 2014-இல் ஆங்கிலத்தில் வந்து, மறு ஆண்டில் ஹ்யூகோ பரிசு பெற்றது. பௌதிகம் பயில்வார்க்கு விருந்தெனத் தக்கது. ஆயினும் ஆங்கிலத்தில் மூன்றாவது நூல் மட்டுமே அறுநூறு பக்கம் வரும்.

என். கே. ஜெமிஸின் என்னும் அம்மையார் எழுதிய 'ப்ரோக்கன் எர்த்' தொடர் 2015, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் மூன்று நூல்களும் அடுத்தடுத்து மூன்றாண்டு ஹ்யூகோ பரிசு பெற்றன. அதற்குமுன் எவரும் அங்ஙனம் பெற்றதில்லை. நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றலுடையாரை அடிமைகளாக்கி, அவராலேயே வாழும் உலகமொன்றை அது காட்டுகின்றது. ஆழத்தில் இதனை விஞ்சுவது அரிது. எனினும் கதையின் பெரும்பகுதி வாசகரையே 'நீ' என விளித்துச் செல்லும் புதுநடையாலும், முதனூல் கதை முடியாமல் நிற்பதாலும், தொடக்கக் கழகத்தினர்க்கு இது கடினமே. மூன்றாண்டு பழகிய கழகம் இதனை நாடுக.

யாம் துணிந்த தொடர்

நால்வகை அளவுகோலுக்கும் ஒத்து நிற்பது அர்ஸுலா லெக்வின் அம்மையார் இயற்றிய 'எர்த்ஸீ' முத்தொடர் என்பது எமது துணிபு. 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968-இலும், 'தி டூம்ப்ஸ் ஆஃப் ஆட்டுவான்' 1971-இலும், 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' 1972-இலும் வெளிவந்தன. ஆசிரியர் 1929-இற் பிறந்து 2018-இல் மறைந்தவர். மானிடவியற் பேராசிரியர் ஆல்ஃபிரட் குரோபரின் மகளார். வேற்று மக்களின் வழக்கங்களை இகழாது நோக்கும் பார்வை இந்நூல்கள் எங்கும் விளங்குகின்றது. கதாநாயகனும் அவனைச் சூழ்ந்தாருள் மிகப் பலரும் செம்பழுப்பு நிறத்தவரும் கருநிறத்தவருமே. அக்கால மாயக்கதைகளில் இஃது அரிது.

எண்ணிறந்த தீவுகளாலான உலகம் இக்கதைக்குக் களம். ஒவ்வொரு பொருளுக்கும் உண்மைப் பெயர் ஒன்றுண்டு. அதனை அறிந்தவன் அப்பொருளை ஆள்வான். ஆதலின் தன் மெய்ப்பெயரை ஒருவன் நம்பிக்கைக்குரியார்க்கன்றி வெளியிடான். கதைகளில் வரும் மந்திரவாதிகளெல்லாம் நரைத்த கிழவராகவே இருக்கின்றனரே, அவர்கள் இளமையில் எவ்வாறிருந்தனர், எங்குக் கற்றனர் என்று ஆசிரியர் எண்ணியதன் பயனே ரோக் தீவின் மந்திரக் கல்லூரி. 

முதனூலில் ஆடு மேய்த்த சிறுவனாகிய கெட் அக்கல்லூரியை அடைகின்றான். உடன்பயில்வான் ஒருவனை வெல்லவேண்டுமென்னும் செருக்கினால் இறந்தாரை அழைக்க முற்பட்டு, பெயரற்ற நிழலொன்றை உலகிற் புகவிடுகின்றான். அதனை அடக்கும் முயற்சியிற் கல்லூரித் தலைவர் உயிர் துறக்கின்றார். நிழலுக்கு அஞ்சி ஓடியவன், ஆசானாகிய ஓகியன் சொற்கேட்டுத் திரும்பி நின்று அதனைத் துரத்துகின்றான். உலகின் எல்லைக்கப்பால் இருவரும் எதிர்ப்படுங்கால் அவன் அதற்கு இடும் பெயர் தன் பெயரே. போட்டியும் பொறாமையும் மிக்க தேர்வுக் காலத்தில் மாணவர் படிக்கத்தக்க கதை இதனினும் பிறிதுண்டோ?

நடுநூல் யாரும் எதிர்பாராதது. கெட் என்பவனை நடுப்பகுதி அணுகும் வரையிற் காணோம். இளஞ்சிறுமியாய்த் தாயினின்று பிரிக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, இருளின் தெய்வங்களுக்குப் பூசாரிணியாக்கப்பட்ட தெனார் என்னும் பெண்ணின் கதை இது. நிலவறையின் இருளில் வழிதப்பிய கெட்டை அவள் சிறைப்படுத்துகின்றாள். அவனைக் கொல்வதா, தான் கற்றதனைத்தையும் துறப்பதா என்பது அவள்முன் நிற்கும் வினா. விடுதலை என்பது மகிழ்ச்சியன்று, சுமையே என்று இந்நூல் உணர்த்துகின்றது. 

மூன்றாவதில் உலகெங்கும் மந்திரமும் பாட்டும் கைத்தொழிலும் மங்குகின்றன. ஆரன் என்னும் இளவரசனோடு முதிர்ந்த கெட் காரணம் தேடிச் செல்கின்றான். சாவாதிருக்க விரும்பிய ஒருவன் உயிர்க்கும் இறப்புக்கும் இடைநின்ற கதவைத் திறந்துவிட்டமையே காரணம். அதனை மூடுதற்குக் கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு வெறுங்கையனாகின்றான். இந்நூல் 1973-இல் அமெரிக்கத் தேசிய நூற்பரிசு பெற்றது.

நூல் ஒவ்வொன்றும் இருநூறு பக்க அளவினதே. முதலாவது 10 அதிகாரம், இரண்டாவது 12, மூன்றாவது 13. நாளொன்றுக்கு ஓரதிகாரம் படிப்பாரும் இரு வாரத்துள் முடிப்பர். நடை தெளிந்தது, வாய்விட்டுப் படித்தற்கு இசைந்தது.

சில தடைகள்

இவை சிறார்க்கென எழுதப்பட்டனவன்றோ எனச் சிலர் தடுப்பர். சிறார்க்கு எழுதப்பட்டமை எளிமைக்குக் காரணமாயிற்றேயன்றிப் பொருட் குறைவுக்குக் காரணமாகவில்லை. செருக்கும் விடுதலையும் சாவும் எவ்வயதினர்க்கும் உரிய பொருள்கள். இதனினும் வலியது மற்றொரு தடை. ரோக் கல்லூரியிற் பெண்களுக்கு இடமில்லை. முதனூலிற் பெண்களின் மந்திரம் இழிவாகவே பேசப்படுகின்றது. இக்குறையை மறைத்தல் வேண்டா. ஆசிரியரே பதினெட்டாண்டு கழித்து, 1990-இல் 'தெஹானு' என்னும் நான்காம் நூலில், கணவனை இழந்த குடியானவப் பெண்ணாகிய தெனாரின் கண்வழியே அவ்வுலகை மீண்டும் ஆராய்ந்தார். தாம் படைத்த உலகைத் தாமே வினவிய ஆசிரியர் சிலரே. கழகத்தார் முதனூற் கூட்டத்திலேயே இவ்வினாவை எழுப்புவாராக.

படிக்கும் முறை

கூட்டம் மாதத்துக்கு ஒன்றாக மூன்று போதும். ஆறு நூல்களும் ஓவியங்களோடு ஒரே பெரும்புத்தகமாய் 2018-இல் வந்துள்ளன. ஆயினும் கைமாற்றிப் படித்தற்கு மெல்லிய தனிப் பிரதிகளே ஏற்றன. கூட்டந்தோறும் முதற் கால்மணியில் ஓரிரு பக்கம் வாய்விட்டுப் படிக்கப்படுக. படித்து முடியாதாரும் அதனைப் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கலாம். நூல் ஆங்கிலமாயினும் பேச்சு தமிழில் நடைபெறத் தடையில்லை என்பதை முதலிலேயே அறிவித்துவிடுக. அன்றியும், மிகுதியாய்ப் படித்தவர் இறுதியிற் பேசுக. குறைவாய்ப் படித்தவர் முதலிற் பேசுக. 

கெட் ஏன் ஓடினான், ஏன் திரும்பினான்? தெனார் பெற்றதும் இழந்ததும் யாவை? சாவில்லாத வாழ்வு வேண்டுவார்க்கு ஆரன் யாது மறுமொழி கூறுவான்? மூன்று கூட்டத்துக்கும் இம்மூன்று வினா தொடக்கமாகுக.

மாணவ நண்பர்காள், நூல் சிறந்ததா என்பதை நூலறிந்தார் பலர் முன்னரே சொல்லி வைத்துள்ளனர். நம் கழகத்துக் கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கும் தோழர் அதனைப் படித்து முடித்து வாய்திறப்பாரா என்பதை நாமன்றி யாரும் சொல்லுதற்கில்லை. அவர் பேசிய நாளே கழகம் நிலைபெற்ற நாளாகும்.