எந்தப் பிரிவில் சேருவது?
உயர்தர வகுப்பை எதிர்நோக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் மண்டூரிலும் அதைச் சூழ்ந்த படுவான்கரைக் கிராமங்களிலும் ஒரே கேள்விதான் கேட்கும்: பிள்ளை எந்தப் பிரிவில் சேரப் போகிறது? பெரும்போகத்துக்கு எந்த நெல்லை விதைப்பது என்று பல நாள் யோசிக்கின்ற நாம், பிள்ளையின் இரண்டு ஆண்டுப் படிப்பை ஒரு மாலைப் பொழுதில் தீர்மானித்து விடுகிறோம்.

அண்மையில் ஒரு தகப்பனார் எம்மிடம் வந்தார். "ஃபாதர், இவள் புள்ளயக் கலைப்பிரிவில சேர்ப்பம் எண்டு இரிக்கம். அதுதானே லேசு" என்றார். பிள்ளைக்கோ கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி இருந்தது. அவள் தலையைக் குனிந்து நின்றாள். அந்த 'லேசு' என்ற சொல்லையே இப்பாடத்தில் முதலில் ஆராய்வோம்.

1. லேசான பாடம் உண்டா?

பல்கலைக்கழக அனுமதி 2001 முதல் இசட் புள்ளியின்படி நடைபெறுகிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்பது மட்டும் போதாது. அதே பாடத்தை எழுதிய மற்றவர்களோடு ஒப்பிடுகையில் எங்கே நிற்கிறது என்பதே கணக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10 என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 எடுத்தவரின் இசட் புள்ளி 1. இன்னொரு பாடம் கடினமானது. அதன் சராசரி 40, நியம விலகல் 15. அதில் 55 எடுத்தவருக்கும் இசட் புள்ளி 1 தான். எல்லோருக்கும் லேசான பாடம் எமது பிள்ளைக்கு மட்டும் இலாபம் தராது. பிள்ளை எதில் மற்றவர்களை விட நன்றாகச் செய்யுமோ, அதுவே அதற்குரிய பாடம்.

மேலும், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. மிகுதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்குரியது. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. ஆகவே விஞ்ஞானமும் கணிதமும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கே உரியவை என்று நாம் முன்கூட்டியே ஒதுங்கத் தேவையில்லை.

2. எமது தவறு

இதற்கு எதிரான தவறும் உண்டு. அதை நாமே செய்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், விஞ்ஞானத்தில் அதிவிசேட சித்தி பெற்ற ஒரு பையனை உயிரியல் பிரிவுக்கே போகும்படி வற்புறுத்தினோம். ஊரிலிருந்து ஒரு டாக்டர் வரவேண்டும் என்பது எமது ஆசை. அவனுக்குக் கணிதம் பலவீனம். பௌதிகவியல் அவனை வாட்டியது. மூன்று முறை எழுதினான். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்ப்பில்லை. அவன் கைகளோ எப்போதும் உழவு இயந்திரத்தின் எஞ்சினிலேயே இருந்தன. அதைக் கண்டும் நாம் கேட்கவில்லை. 'லேசு' என்று தெரிவதைப் போலவே 'பெருமை' என்று தெரிவதும் பிழையே.

3. எந்தப் பாடம், எந்தக் கதவு?

மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் மருத்துவக் கதவு மூடிவிடும். இதைப் பிள்ளை சேரும் முன்பே அறிந்திருக்க வேண்டும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் தேவை. சட்டம் கற்க எந்தப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். எனவே மொழியிலும் வரலாற்றிலும் உண்மையான ஈடுபாடுள்ள பிள்ளைக்குக் கலைப்பிரிவு தாழ்ந்ததல்ல. வேறு வழியில்லாமல் அதில் தள்ளப்படுவதே தாழ்வு.

2013இல் தொழினுட்பவியல் பிரிவு தொடங்கியது. பொறியியற் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியலை, தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானத்தோடு கற்கலாம். சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் பாடசாலையில் தொடர 2017இல் 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் வழி திறந்தது. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாவது பட்டத்துக்குச் சமன். எஞ்சினை நேசித்த அந்தப் பையனுக்கு இந்த வழிகளை அன்று எவரும் காட்டவில்லை.

4. ஆசிரியர் உண்டா?

படுவான்கரையில் எல்லாப் பாடசாலையிலும் எல்லாப் பிரிவும் இல்லை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் வாவியைக் கடந்து படித்த தலைமுறை எம்மிடையே இருக்கிறது. அவர்களுள் பலர் விரும்பியதைப் படிக்கவில்லை. கிட்டத்தில் இருந்ததையே படித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு இந்தத் தூரம் இரட்டிப்பானது. ஆகவே பாடத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடம் இயங்குகிறதா, போக்குவரத்துக்கும் விடுதிக்கும் என்ன செலவாகும் என்று கேட்டறிய வேண்டும். இல்லாதவற்றைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒன்றுகூடி வலயக் கல்வி அலுவலகத்திடம் கேட்கலாம். தனித்தனியாகக் கேட்டால் அது ஒருவரின் குறை; சேர்ந்து கேட்டால் அது ஊரின் உரிமை.

அந்தத் தகப்பனாரிடம் நாம் இவ்வளவையும் சொல்லவில்லை. "புள்ளயிட்டக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டோம். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு உயிரியல் படிக்க விருப்பம் அப்பா" என்றாள் அவள், மெதுவாக. அதன்பின் பேச்சு பஸ் செலவைப் பற்றியதாக மாறியது. அது நல்ல தொடக்கம் என்று நாம் நினைக்கிறோம்.

குழுக் கலந்துரையாடலுக்கு:

1. எமது ஊரில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகள் எந்தப் பிரிவுகளில் சேர்ந்தார்கள்? அதைத் தெரிவு செய்தவர் யார்?
2. எமக்குக் கிட்டிய பாடசாலைகளில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை?
3. இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை வகுப்பை நடத்த, நாம் ஒவ்வொருவரும் என்ன செய்யலாம்?