ஊருக்கு ஒரு பட்டா: கொழும்பில் பழைய சிறு லொறி வாங்குவோர் கவனத்திற்கு

காணி துப்புரவாகிவிட்டது, கிணறும் இறைத்தாயிற்று, இனித் தொழிலுக்கு ஒரு வாகனம் வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நீண்டகாலம் வாடகைக்கு இருந்துவிட்டு ஊர் திரும்பும் பல குடும்பங்கள் இப்படித்தான் யோசிக்கின்றன. கொழும்பிலேயே வாங்கி, வீட்டுச் சாமான்களை அதிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது நல்ல யோசனைதான். தெரிவு இங்கு அதிகம், விலை பேசவும் இடமுண்டு. ஆனால் ஏமாற்றவும் இங்கு ஆட்கள் அதிகம். வாழ்வாதார உதவிப் பணமோ அடகு வைத்த நகையோ ஒரே நாளில் போய்விடக்கூடிய விடயம் இது. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு கொப்பியில் கணக்குப் பாருங்கள். கிழமையில் எத்தனை நாள் பாரம் ஏற்றுவீர்கள், எவ்வளவு தூரம், ஒரு நடைக்கு எத்தனை கிலோ? 2017 இல் விடுவிக்கப்பட்ட மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணச் சந்தைக்குத் தினமும் மீன் கொண்டுபோகிறவருக்கு வாகனம் உழைத்துக் கொடுக்கும். போகத்திற்கு ஒருமுறை நெல் ஏற்றுகிறவருக்கு அது முற்றத்தில் நின்று துருப்பிடிக்கும். அவர் வாடகைக்குப் பிடிப்பதே இலாபம். சுன்னாகத்திலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வரை மரக்கறி ஓட்ட நினைப்பவருக்கு இன்னும் பெரிய லொறி தேவைப்படலாம். எரிபொருள், காப்புறுதி, ரயர், வருடாந்த அனுமதிப்பத்திரம் எல்லாம் கழித்தபின் மாதம் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்கும் விலையைத் தீர்மானிக்க வேண்டும். விலையை முதலில் தீர்மானித்துவிட்டு வருமானத்தை அதற்குப் பொருத்தப் பார்க்காதீர்கள்.

வடக்கில் பட்டா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். டாட்டா ஏஸ் தான் அது. இந்தியாவில் 2005 இல் வெளிவந்த இச்சிறு லொறியின் முதல் மாதிரிக்கு இரண்டு சிலிண்டர், 702 சீ.சீ. டீசல் என்ஜின். பம்ப் பழைய முறையிலானது, கணினி எதுவுமில்லை. அதனால் ஊர்க் கராஜிலேயே திருத்தலாம், உதிரிப்பாகமும் பெரும்பாலான நகரங்களில் கிடைக்கும். பாரம் முக்கால் தொன் அளவுதான். ஒன்றரைத் தொன் ஏற்றி ஓடிய பட்டாக்களும் சந்தைக்கு வருகின்றன. அவற்றை எப்படி இனங்காண்பது என்று கீழே சொல்கிறோம். மகிந்திரா மெக்சிமோவும் இதே அளவுதான், ஆனால் அதன் டீசல் முறை மின்னணு சார்ந்தது. பழுதானால் பரிசோதனைக் கருவி உள்ள கராஜைத் தேட வேண்டும். டவுன்ஏஸ், வனெட், பொங்கோ போன்ற ஜப்பான் லொறிகள் நான்கு சிலிண்டர், நல்ல பலம். ஆனால் குறைந்த விலைக்குக் கிடைப்பவை மிகவும் பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பல வருடங்களாகப் பழையவையே கைமாறிக்கொண்டிருந்தன. ஆகவே மீற்றரில் தெரியும் கிலோமீற்றரை நம்பி விலை பேச வேண்டாம்.

ஆவணங்கள்தான் இதில் மிக ஆபத்தான பகுதி. பழுதான என்ஜினைத் திருத்திக்கொள்ளலாம், பிழையான ஆவணம் முழுப் பணத்தையும் கொண்டுபோய்விடும். பதிவுச் சான்றிதழை, அதாவது சீ.ஆர். புத்தகத்தை, மூலப்பிரதியாகவே பாருங்கள். போட்டோக் கொப்பி போதாது. அதில் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்று ஒரு பெயர் இருக்கும். லீசிங் வாகனமாயின் அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயரும் இருக்கும். அக்கம்பனியின் பெயர் அங்கே இருக்கும்வரை வாகனம் அதனுடையது. தவணை நின்றால், நீங்கள் முழுக் காசும் கொடுத்து வாங்கியிருந்தாலும், உங்கள் முற்றத்திலிருந்தே அதை எடுத்துச் செல்ல வருவார்கள். விற்றவரின் தொலைபேசி அப்போது வேலை செய்யாது.

லீசிங் மிச்சமுள்ள வாகனத்தை வாங்கவே கூடாது என்றில்லை. விற்பவருடன் கம்பனிக் கிளைக்கு நேரில் போங்கள். மிச்சத் தொகையை எழுத்தில் வாங்கி, அதைக் கம்பனியிடமே கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். உரிமை விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் விற்பவருக்குரிய மீதியைக் கொடுக்க வேண்டும். "அண்ணே, நான் கட்டிக்கொள்றேன், நீங்க காசைத் தாங்க" என்று அவர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது ஓப்பின் பேப்பர். பதிவு உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு வாகனம் மூன்று, நான்கு பேரிடம் கைமாறியிருக்கும். தரகர் இதைச் சாதாரண விடயமாகச் சொல்வார், நாட்டில் வழக்கமும் அதுதான். ஆனால் அந்த முதல் உரிமையாளர் இறந்திருந்தால், வெளிநாடு போயிருந்தால், அல்லது கையொப்பம் பொருந்தாவிட்டால் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. விபத்து நடந்தால் காப்புறுதியும் சிக்கலாகும். இந்த ஒரு விடயத்தில் எங்கள் அபிப்பிராயம் உறுதியானது: எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஓப்பின் பேப்பரில் வாங்காதீர்கள். பதிவு உரிமையாளரையே நேரில் சந்தித்து, தேசிய அடையாள அட்டையைச் சரிபார்த்து, உரிமை மாற்றத்திற்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை முறையாக நிரப்பி, நாரஹேன்பிட்டி மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அவருடன் சேர்ந்தே போங்கள். தற்போதைய கட்டணங்களை 1919 அரசாங்கத் தகவல் நிலையத்தில் தமிழிலேயே கேட்கலாம். இந்தியாவிலிருந்து திரும்பியவர்களும் அடையாள அட்டையைத் தொலைத்தவர்களும் முதலில் கிராம அலுவலர் ஊடாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாததால் வாகனத்தை உறவினர் பெயரில் எழுதி, பின்னர் அந்த உறவே முறிந்த குடும்பங்கள் உண்டு.

சேசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளபடியே வாகனத்திலும் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் பதிவாகியிருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று கேளுங்கள், நிலுவை உங்கள் தலையில் விழும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ், லொறியாகப் பதிவாகியிருந்தால் தகுதிச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவற்றையும் பாருங்கள். வாடகைக்குப் பாரம் ஏற்றப்போவதாயின் அதைக் காப்புறுதியில் குறிப்பிட வேண்டும்.

இனி வாகனம். காலையில், என்ஜின் குளிராக இருக்கும்போதே போங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் வரும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதாக இருக்கலாம். ஓடும் என்ஜினில் ஒயில் மூடியைத் திறந்தால் புகை பலமாக அடிக்கிறதா? பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். மூடியின் உட்புறம் பாலாடை போல் வெள்ளையாக இருந்தால் வாங்க வேண்டாம்.

பிறகு கீழே படுத்துப் பாருங்கள், சாரம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. சிறு லொறியின் உயிர் சேசியில்தான் இருக்கிறது. பின் வில்லுத் தகடுகள் பொருத்தப்பட்ட இடத்தில் வெடிப்போ ஒட்டு வேலையோ தெரிந்தால் அது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வாகனம். முழு அடிப்பாகத்திற்கும் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் துரு சத்தத்திலேயே தெரியும். மீன் ஏற்றிய வாகனங்களில் உப்புநீர் தட்டு வழியாக வடிந்து சேசியை அரிக்கும், கடலோர வீதிகளில் வருடக்கணக்கில் நின்றவையும் அப்படித்தான். களனி கங்கை பெருகிய 2016 மே வெள்ளம் போன்றவற்றில் மூழ்கிய வாகனங்களும் சந்தையில் உள்ளன. சீற் பெல்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கே மறைந்திருக்கும். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கம் வாரமும் வருடமும் ஆகும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம்.

ஓடிப் பார்க்கும்போது வெறுமையாக ஓட வேண்டாம். பத்துச் சீமெந்துப் பை ஏற்றினால் அரைத் தொன். மேட்டில் கிளச் வழுக்குவதும், பிறேக் ஒரு பக்கம் இழுப்பதும், கியர் கழன்று விழுவதும் பாரத்தில்தான் தெரியும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் கராஜுக்குப் போக வேண்டாம்.

குறைகளை எழுதி, பஞ்சிகாவத்தையில் அந்தப் பாகங்களின் விலையைக் கேட்டுவிட்டு வந்து பேரம் பேசுங்கள். ஆமர் வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது நடைதூரம். முற்பணம் கொடுத்தால் வாகன இலக்கம், தொகை, திகதி, திருப்பித் தரும் நிபந்தனை எழுதிய பற்றுச்சீட்டு வேண்டும். மீதியை வங்கி மூலம் செலுத்துங்கள்.

வாங்கிய மறுநாளே சாமான் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்படாதீர்கள், அது 400 கிலோமீற்றர் அளவு. ஒயில், பில்டர்கள், பான்பெல்ட், கூலன்ட் எல்லாம் மாற்றி, இரண்டு மூன்று நாள் கொழும்புக்குள்ளேயே ஓடிப் பாருங்கள். என்ஜின் சூடேறுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஸ்பெயார் ரயரும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.