நாம் காணும் நட்சத்திரங்களும் நமது பால்வீதியும்



கடையடைத்து, இஷாத் தொழுகையும் முடித்து வீடு திரும்பும் வேளையில், நாம் தலைநிமிர்ந்து ஆகாயத்தைப் பார்ப்பதுண்டா? நாகூர், நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பாய்மரக் கப்பலேறி மலாயா வந்த நம் முன்னோருக்கு இரவில் வழிகாட்டியவை நட்சத்திரங்களே. இன்று கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் நாம் ஊன்றிப் பார்ப்பதில்லை. ஆகவே, இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வோம்.

ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அது ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு. நமது சூரியன் அடங்கிய பால்வீதி, ஆப்பத்தைப் போல நடுவில் பருத்து ஓரத்தில் மெலிந்த தட்டாகும். அதன் குறுக்களவு ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டு. அதில் பதினாயிரம் கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் உள்ளன. நாம் நடுவில் இல்லை. நடுவிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளியிருக்கிறோம்.

வெறுங்கண்ணால் தனித்தனியே நாம் காணும் நட்சத்திரங்கள் யாவும் இந்தப் பால்வீதியைச் சேர்ந்தவையே. அவற்றிலும் பெரும்பாலானவை ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருக்கும் அண்டை வீட்டார். சிகாமட் கடைத்தெருவின் விளக்குகளைப் பார்த்துவிட்டு, ஜோகூர் மாநிலம் முழுவதையும் கண்டதாக எண்ணலாகுமா?

நட்சத்திரக் கூட்டங்களில் பலவும் நம் கண்ணுக்குத்தான் கூட்டங்கள். கார்த்திகையை அரபிகள் ஸுரையா என்றனர். அதனைத் தொடர்ந்து வரும் ரோகிணிக்கு, பின்தொடர்வது எனப் பொருள்படும் அத்தபரான் என்று பெயரிட்டனர். பக்கத்தில் தோன்றினும், ரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவிலும், கார்த்திகை சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன.

ஆகஸ்ட் மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேல், ஊர் விளக்குகளை விட்டு விலகி, தோட்டப்புறத்தில் நின்று தெற்கே நோக்குங்கள். தனுசு ராசியின் பக்கம் வெண்புகை போன்ற பட்டை தெரியும். அதுவே பால்வீதியின் நடுப்புறம். தட்டின் உள்ளே இருந்தே அதைப் பார்ப்பதால் பட்டையாகத் தோன்றுகிறது.

நவம்பரில் இரவு பத்து மணியளவில் வடதிசையில் மங்கலான திட்டு ஒன்று தென்படும். இரானின் ரை நகரில் 903-இல் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஏறக்குறைய 964-இல் எழுதிய நட்சத்திர நூலில் அதனைச் சிறு மேகம் என்று குறித்தார். 1920-களில் எட்வின் ஹப்பிள் ஆராய்ந்து, அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள மற்றொரு மண்டலம் என நிறுவினார். ஆண்ட்ரோமீடா எனப்படும் அது, சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது.

அஸ்ஸூஃபி அது இன்னதென்று அறியார். ஆயினும் கண்டதைக் கண்டபடி பதிந்தார். விளங்காத வரவையும் பேரேட்டில் எழுதி வைப்பதே நல்ல வியாபாரியின் வழக்கமன்றோ? அப்பதிவின் பொருளைப் பின்வந்தோர் கண்டனர்.

இன்றிரவு வானம் தெளிந்திருந்தால், பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று காட்டுவோமாக.