பயன்பாட்டிலுள்ள ஹார்டு டிஸ்க்கில் நகல் காத்தல்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். கணினியும் அதன் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருப்பின் இரண்டும் ஒருங்கே நனையும்.

ஊராட்சி உறுப்பினர்கள் நம்மிடம் கேட்பது வேறோர் ஐயம்: "புகைப்படங்கள் நிறைந்துள்ள டிஸ்க்கிலேயே பேக்கப் அமைத்தால், இருப்பவை அழியுமா?" விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி அவற்றை அழிப்பதில்லை, தனக்கென ஒரு போல்டர் அமைத்துக்கொண்டு, மாறிய கோப்புகளை மணிக்கொருமுறை அதில் சேர்க்கிறது. ஆனால், எந்த முறையிலாயினும் 'பார்மட்' என்ற சொல் திரையில் தோன்றினால் கையை எடுத்துவிடுதல் நலம். அவசரத்தில் 'சரி' என அழுத்திவிட்டு நாமும் ஒருமுறை வருந்தியதுண்டு.

ஃபைல் ஹிஸ்டரி டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் முதலியவற்றையே நகலெடுக்கும். 'டி' டிரைவில் வைத்த வரிப் பதிவேட்டை, நாமாக லைப்ரரியில் சேர்த்தாலன்றி, அது தீண்டாது. பலர் ஏமாறுவது இவ்விடத்திலேயே.

இன்னொன்று. பழைய புகைப்படங்களுக்கு அந்த டிஸ்க்கே ஒரே இருப்பிடமாயின், அவற்றுக்குப் பேக்கப் என்பதே இல்லை. முதலில் அவற்றை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்த பின்னரே தொடங்குக. மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும். மாலையில் டிஸ்க்கைக் கழற்றி மாடியறையிலோ, இயலுமாயின் வேறு கட்டடத்திலோ வைத்திடுக.